கொள்ளிடத் தண்ணீர் கடலுக்குப் போனால் வீணா?

கேள்வி கேட்டவர்: கடைமடை (புனைபெயர்), 2018 ஆகஸ்ட் 19

மேட்டூரிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடி திறந்துவிடுகிறார்கள். பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகக் கடலில் கலந்து வீணாகிறது. என் வயலில் ஆழ்துளைக் கிணறு போட்டால் உப்பு. கழிமுகத்துக்குக் கொஞ்சம் மேலே கதவணை கட்டுங்கள் என்று கேட்டால் போதும், சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் வந்துவிடுகிறார்கள். கடலுக்குத் தண்ணீர் எதற்கு? யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

2018 ஆகஸ்ட் 19, இரவு

நான் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையில் பிறந்தவன். "வீண்" என்ற சொல்லைப் பார்த்ததும் கை பரபரக்கிறது.

கடலுக்கு உங்கள் தண்ணீர் வேண்டாம், சரி. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் கிடக்கிற பிச்சாவரம் கழிக்கு, ஆறும் கடலும் கலக்கிற அந்த அலையாத்திக் காட்டுக்கு, வேண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு நகக்கண் அளவுகூட இல்லாதபோதே முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்துவிடும். அங்கே உப்பு குறைவு, ஒளிந்துகொள்ள வேர்ச்சந்து, தின்ன மக்கிய இலை. மூன்று நான்கு மாதம் வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். மடவை மீனும் கிட்டத்தட்ட அப்படித்தான். கழி நண்டு வளர்வதெல்லாம் கழியில், குஞ்சு பொரிக்க மட்டும் பெட்டை கடலுக்குப் போகும். ஆற்றுத் தண்ணீர் வராவிட்டால் இந்தக் கழி வெறும் உப்புக் குட்டை.

ஆகவே வீண் இல்லை. அவ்வளவுதான்.

2018 ஆகஸ்ட் 20

"இறாலுக்கு இரண்டு லட்சம் கன அடியா?" என்று கடைமடை கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நேற்று "அவ்வளவுதான்" என்று எழுதியது அவசரம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). இரண்டு லட்சம் என்றால் 17க்கும் மேல். மேட்டூர் அணையின் மொத்தக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். கட்டப்போவதாக அறிவித்திருக்கிற ஆதனூர் – குமாரமங்கலம் கதவணையில் அரை டி.எம்.சி.கூடத் தேங்காது. இன்றைய வெள்ளத்தில் அது முக்கால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். மிச்ச 23 மணி நேரத்துத் தண்ணீர் எப்படியும் கடலுக்குத்தான் போகும்.

கதவணை வெள்ளத்தைப் பிடிக்கிற பாத்திரம் இல்லை, கடல் தண்ணீர் மேலே ஏறாமல் தடுக்கிற கதவு. கடைமடை அதற்காகக் கேட்டால் அது வேறு பேச்சு. அதை இந்த இரண்டு லட்சத்தோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

2018 ஆகஸ்ட் 23

நேற்று இரவு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போய்விட்டன. 1836இல் கட்டிய அணை. "வெள்ளைக்காரன் கட்டியது 182 வருஷம் நின்றது, நம்மாள் கட்டினால்..." என்று இங்கே மூன்று பேர் ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேச்சுக்கு நான் வரவில்லை.

எனக்கு உறைத்தது வேறு. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் இருக்கிற கீழணையும் அதே 1836தான். அதாவது என் தாத்தாவின் தாத்தா காலத்திலேயே கொள்ளிடத்தின் வாய்க்கு வரும் தண்ணீரை மனிதர்கள் அளந்துதான் விட்டிருக்கிறார்கள். 1934இல் மேட்டூர் வந்ததும் பிடி இன்னும் இறுகியது. கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடுகிற உல்லம் மீன் ஒரு காலத்தில் காவிரியில் நன்றாகக் கிடைத்தது. மேட்டூருக்குப் பிறகு அது விழுந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆத்தா உல்லத்தின் முள்ளைப் பற்றிப் பேசுவார், நான் சாப்பிட்டதே இல்லை.

"இயற்கையான கழிமுகத்தைக் காப்பாற்றுவோம்" என்று நானும் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். எந்த வருஷத்துக் கழிமுகத்தை என்று யாரும் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

2018 ஆகஸ்ட் 26

திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி பக்கம் ஊருக்குள் தண்ணீர். அக்காவின் நாத்தனார் குடும்பம் மாட்டோடு மேட்டில் நிற்கிறது. கடைமடை இன்று போட்டிருப்பது ஒரே வரி: "இப்போதைக்குத் தண்ணீர் போதும்." சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2018 செப்டம்பர் 9

ஊருக்குப் போய் வந்தேன். இது கொஞ்சம் நீளும்.

கழியில் தண்ணீர் செம்மண் நிறம். வற்றத்தில், அதாவது கடல் இறங்கும் நேரத்தில், படகுத்துறைப் பக்கம் அள்ளி வாயில் வைத்தால் உப்பு நாக்கில் பிடிக்கவே இல்லை. வழக்கமாக இது ஐப்பசி கார்த்திகையில்தான் நடக்கும், வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் வந்து சேரும்போது. சித்திரை வைகாசியில் அதே துறையில் கடலுக்குச் சமமான கரிப்பு இருக்கும், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஒரே இடம் ஒரே வருஷத்தில் குளமாகவும் கடலாகவும் மாறுகிறது. அங்கே பிழைக்கிற உயிர் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. பழகாதவை வந்தாலும் நிலைக்காது.

இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறியில் போட வேண்டும். சின்ன வயதில் நானும் முயன்றிருக்கிறேன். அரை மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு கெளுத்தி முள் குத்தும் ஒரு வாரக் காய்ச்சலும்.

படகு ஓட்டுகிற அண்ணனிடம், "இவ்வளவு தண்ணி வந்திருக்கே, கழிக்கு நல்லதுதானே?" என்றேன். என் வாதத்துக்குச் சாட்சி தேடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் துடுப்பை நிறுத்தாமல் சொன்னார்: "ஆடி வெள்ளம் பத்து நாளு, தம்பி. அடிச்சிக்கிட்டுப் போயிடும். இருந்த இறாலும் அதோட வெளிய போயிடுச்சு. பங்குனியில இங்க ஒரு சொட்டு நல்ல தண்ணி வருதா, அதக் கேளுங்க."

நான் ஆகஸ்ட் 19 அன்று எழுதியதில் பாதி இங்கே அடிபட்டுப்போகிறது. கடைமடை மொத்தத் தண்ணீரைப் பார்த்தார். நானும் மொத்தத்தைத்தான் பார்த்தேன், எதிர்ப்பக்கத்திலிருந்து. அண்ணன் மாதத்தைப் பார்த்தார்.

2018 செப்டம்பர் 10

"சுரபுன்னை என்று எழுதாமல் வேர்ச்சந்து என்று தப்பித்துவிட்டீர்களே" என்று சுக்கான் என்ற பெயரில் எழுதுகிற வாசகர் கிண்டல் செய்கிறார். பிச்சாவரத்தில் காலூன்றி வேர் விடுகிற மரத்தைச் சுரபுன்னை என்போம். அகராதியில் சுரபுன்னை வேறு மரம், மலைப்பக்கத்தது. படகுத்துறையில் அகராதியை நீட்டினால் கழிக்குள் தள்ளிவிடுவார்கள். வாய்க்கால் எண்ணிக்கைக்கும் இதே விதி: எந்தப் படகுக்காரரைக் கேட்டாலும் 4,400 என்பார். யார் எண்ணியது என்று கேட்கக் கூடாது.

2018 அக்டோபர் 2

விடுமுறை. கொஞ்சம் பழைய கதை.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே தில்லை மரத்தால். கோயிலின் தலமரம் அதுதான். இன்று அதைக் காடாகப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலிலிருந்து கிழக்கே பிச்சாவரத்துக்கு வர வேண்டும். கிளையை ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்று எங்களைக் கிட்டே விடமாட்டார்கள். கழியின் உள்மேட்டில் வளர்கிற மரம் அது. சிதம்பரம் வரைக்கும் ஒரு காலத்தில் இந்தக் காடு இருந்தது, கடல் பின்வாங்கி நிலம் முன்னேறியது என்று ஊரில் சொல்வார்கள். பெயரை மட்டும் வைத்துக் கடல் எங்கே இருந்தது என்று நான் முடிவு கட்டமாட்டேன். ஆனால் இந்தக் கரை நகர்கிற கரை, அதில் சந்தேகமில்லை. தெற்கே தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கொற்கைத் துறைமுகம் இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. இங்கே பக்கத்திலேயே தரங்கம்பாடியில் மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ஓரிடத்தில் கொடுக்கிறது, ஓரிடத்தில் எடுக்கிறது.

இனி மனிதர் கணக்கு. என் சின்ன வயதில் பிச்சாவரக் காட்டுக்குள் பெரிய பெரிய வெட்டவெளிகள் இருந்தன. சேறு வெடித்து, மேலே உப்புப் பூத்து, உமரிச் செடி மட்டும் முளைத்துக் கிடக்கும். ஆடு மேய்த்தும் விறகு வெட்டியும் ஊர்க்காரர்கள்தான் காட்டை அழித்தார்கள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆத்தாவின் தலையிலிருந்த சுள்ளிக்கட்டைக் காவலர் ஒருவர் பிடுங்கி எறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆத்தா திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை.

பிறகு வெளிவந்த கதை வேறு. வெள்ளைக்காரர் காலம் தொடங்கி 1970கள் வரை இந்தக் காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, முறை வைத்து ஒரு பாத்தியை மொட்டையாக வெட்டி விற்றிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றிச் சேறு அமுங்கி, நடுவில் தாம்பாளம் போலப் பள்ளமானது. பெரிய ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே காய்ந்தது. அடுத்த ஓதம், இன்னும் கொஞ்சம் உப்பு. சில வருஷத்தில் கண்டல் மரமே முளைக்காத உப்புப் பள்ளம். காரணம் தெரிந்ததும் வைத்தியமும் எளிதாகிவிட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் பள்ளங்களுக்குள் மீன்முள் போலக் கிளைகிளையாக வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்து வெளியே போனது, உப்புக் கரைந்தது, கன்று பிடித்தது. ஆடு மேய்வதை நான் பார்த்த வெளியில் இன்று படகு போகும் அளவுக்குக் காடு.

ஆத்தா அதைப் பார்க்கவில்லை.

2018 நவம்பர் 18

கஜா புயல் கடந்து இரண்டு நாள். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு கந்தலாகிவிட்டது என்கிறார்கள், இலை முழுக்க உதிர்ந்து மரங்கள் சாய்ந்து கிடக்கின்றனவாம். எங்கள் பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. 2004 சுனாமியில் இதே பிச்சாவரக் காடுதான் பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாற்றியது. காட்டின் அருமை அப்போதுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது.

2018 டிசம்பர் 26

மேலே நவம்பரில் எழுதியதைத் திருத்த வேண்டும். இன்றைக்குத்தான் அதைச் செய்ய வேண்டுமா என்று யோசித்தேன், இன்றைக்கே செய்கிறேன்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்து, காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த வருஷமே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்துப் பார்த்துவிட்டு, கடலிலிருந்து தூரமும் தரையின் உயரமுமே பெரும்பாலும் போதுமான விளக்கம், காட்டின் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்றார்கள். காடு எங்கே இருக்கும்? கடலுக்கும் தூரத்து ஊருக்கும் நடுவில்தானே. காடு இருந்த ஊர்களெல்லாம் தூரமாகவும் இருந்தன.

காடு அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பதை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் "காப்பாற்றியது" என்று அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கக் கூடாது. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் என்ற குப்பங்கள் காட்டுக்கு முன்னால், மணல்திட்டின் மேல் இருந்தன. அங்கே இருந்தவர்களைக் காக்க எதுவும் இல்லை. இன்று வேறு எழுத மனமில்லை.

2019 பிப்ரவரி 11

"விவசாயி கதவணை கேட்டால் தப்பு, உங்கள் ஆட்கள் இறால் குட்டை போட்டால் சரியா?" – கடைமடை.

தப்புதான், அதைச் செய்தது என் மாமாவே. 1993இல் கழி ஓரம் இரண்டு ஏக்கர் நெல் நிலத்தை வெட்டிக் குட்டையாக்கினார். உப்புத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றுவது, கழிவுத் தண்ணீரை அதே கழியில் விடுவது. முதல் இரண்டு அறுவடையில் வீட்டுக்கு மாடி எழும்பியது. 1995இல் வெள்ளைப்புள்ளி நோய். ஒரே வாரத்தில் குட்டை முழுக்க இறால் செத்து ஒதுங்கியது. தீவனக் கடன் கொடுத்த கம்பெனி ஆள் வாசலில் வந்து உட்கார்ந்தது, அத்தை நகை போனது எல்லாம் வேறு கதை. பக்கத்து வயலில் அதற்கப்புறம் நெல் சரியாக விளையவில்லை. அந்த வயல்காரர் சாகும்வரை மாமாவோடு பேசவில்லை. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, மாமாவே "நல்லதாப் போச்சு" என்றார். மாடி மட்டும் இன்னும் பூசாமல் நிற்கிறது.

2019 ஜூன் 20

சென்னையில் இருக்கிறேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் காய்ந்துவிட்டன. எங்கள் குடியிருப்பில் லாரித் தண்ணீருக்கு வரிசை. கடைமடை இதற்காகவே பத்து மாதம் காத்திருந்த மாதிரி எழுதியிருக்கிறார்: "போன ஆகஸ்ட்டில் கடலுக்குப் போன தண்ணீர் இப்போது இருந்தால்?"

பதில் வைத்திருக்கிறேன். ஆனால் குடத்தோடு கீழே போக வேண்டும்.

2019 ஜூன் 21

பதில் என்று நினைத்தது காலையில் அவ்வளவு கெட்டியாகத் தெரியவில்லை.

இந்த வாரம் எங்கள் குழாயில் வந்த கொஞ்ச நஞ்சத் தண்ணீர் வீராணத்தினுடையது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம், பராந்தகச் சோழன் காலத்து ஏரி. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னைக்கு வருகிறது, 2004 முதல். வராவிட்டால் அதில் கொஞ்சம் வயலுக்கும், வயல் வடிகால் வழியாகக் கான்சாகிப் வாய்க்கால் பக்கமிருந்து பிச்சாவரத்துக்கும் போயிருக்கும். கிள்ளைக்காரன் கிள்ளைக்கு வரவேண்டிய தண்ணீரை 200 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து குடித்துவிட்டு, "கழிக்குத் தண்ணீர் விடுங்கள்" என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கோபத்தில் "சென்னைதான் கழியைக் கொல்கிறது" என்று எழுதி அழித்தேன். திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர். கன அடியில் மாற்றினால் வினாடிக்கு 75கூட இல்லை. இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் அது தூசு. ஆனால் பங்குனியில் கொள்ளிடத்தின் வாயில் ஓடுவது பூஜ்யம் என்றால், 75 பெரிய ஆறு. அண்ணன் சொன்ன மாதக் கணக்கு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது.

2019 ஆகஸ்ட் 14

நேற்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். வழக்கமான ஜூன் 12க்கு இரண்டு மாதம் தாமதம்.

போன வாரம் கடைமடையின் ஊருக்குப் போயிருந்தேன். ஆமாம், நேரில். எழுத்தில் பார்த்ததைவிட இளைஞர், என்னை அண்ணே என்கிறார். கொள்ளிடக் கரையில் நிறுத்தி ஆற்றைக் காட்டினார். "எங்க அப்பா காலத்துல இந்தப் படித்துறையில மணல் காலுக்குக் கீழ இருந்துச்சு. இப்ப பாருங்க." படித்துறையின் கடைசிப் படிக்குக் கீழே ஆள் உயரத்துக்குப் பள்ளம். மணல் அள்ளி அள்ளி ஆற்றின் தரை இறங்கிவிட்டது. தரை தாழ்ந்தால் கடல் தண்ணீர் இன்னும் உள்ளே ஏறும். எதிர்த்துத் தள்ள மேலிருந்து வரும் ஓட்டமும் கோடையில் இல்லை. நிலத்தடியிலும் அதே கதை. அவர் வீட்டில் போட்ட டீ கரித்தது. எனக்கு மட்டும் கடைத் தண்ணீரில் இன்னொரு டம்ளர் போடச் சொன்னார், வேண்டாம் என்றேன்.

கதவணை அவருக்கு வேண்டும். நான் மறுக்கவில்லை. கோடையில் அடியில் கொஞ்சமாவது ஓடவிட வேண்டும் என்றேன். "எங்களுக்கே இல்லாதப்ப?" என்றார். இந்த இடத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது, பேருந்து வரும்வரை கிரிக்கெட் பேசினோம்.

2019 ஆகஸ்ட் 15

விட்டுப்போனது: "முகத்துவாரம் மணலில் தூர்ந்துபோவதற்கும் அணைதான் காரணமா?" என்று சுக்கான் கேட்டிருந்தார். பாதி. நம் கரையில் ஓதத்தின் ஏற்றம் ஒரு மீட்டருக்குள்தான். கங்கை முகத்தில் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும், அந்த வேகமே வாயைத் திறந்து வைத்திருக்கும். இங்கே அலை கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும், தென்மேற்குக் காற்றில் வடக்கே, வடகிழக்குக் காற்றில் தெற்கே. ஆற்றின் ஓட்டம் தளர்ந்ததும் வாயில் மணல் விழும். இது எப்போதும் நடந்ததுதான், மழைக்காலம் வந்ததும் தானே உடைத்துக்கொள்ளும். ஓட்டம் தளர்ந்து கிடக்கிற மாதங்கள் கூடிவிட்டன, அது நம் கைங்கரியம். கருங்கல் கொட்டிக் கடலுக்குள் நீளும் தடுப்பு, அதாவது தூண்டில் வளைவு, போட்டால் ஒரு குப்பத்துக்கு மணல் நிற்கும், அடுத்த குப்பத்துக்கு அரிக்கும். தூர்வாரினால் அடுத்த வருஷம் மறுபடி வார வேண்டும்.

2019 நவம்பர் 24

கடைமடை கிள்ளைக்கு வந்திருந்தார். நல்ல மழை விட்ட மறுநாள். படகில் கூட்டிப்போனேன், அதே அண்ணன். இருளர் பெண்களிடம் நேராகவே ஒரு கிலோ இறால் வாங்கினார், பேரம் பேசவில்லை, அண்ணனுக்கு அதுவே பெரிய ஆச்சரியம். திரும்பும்போது துறைக்குக் கொஞ்சம் முன்னால் குனிந்து கழித் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எங்க வீட்டு போர் தண்ணி இதைவிடக் கரிக்குதுண்ணே" என்றார்.